எண்ணெய் வைக்காத தட்டு

மருத்துவமனையின் பின்கட்டில், நீண்ட நடைவழியின் கடைசி அறை நுண்ணுயிர் ஆய்வுக்கூடம். அங்கே இருபத்தேழு ஆண்டுகளாகப் பணியாற்றிய பெண்மணியை மருத்துவர் முதல் வாயிற்காவலர் வரை எல்லோரும் தட்டுக்காரம்மா என்றே அழைத்தார்கள். உள்ளங்கையளவு கண்ணாடித் தட்டுகளில் சூடான ஊட்டக்கூழை ஊற்றி, அது உறைந்தபின் அதன்மேல் கிருமியைப் பூசி, மறுநாள் காலையில் அக்கிருமி எப்படி வளர்ந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்வது அவருடைய வேலை. கூழ் அதிகச் சூடாக இருந்தால் மூடியில் நீர் முத்துமுத்தாகக் கோக்கும். ஆறிவிட்டால் கட்டி தட்டும். இரண்டுக்கும் நடுவிலுள்ள அந்தப் பதத்தை அவர் குடுவையைக் கன்னத்தருகே கொண்டுபோயே கண்டுபிடித்துவிடுவார். வெப்பமானி சுவரில் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும்.

அவர் அங்கே சேர்ந்தது கண்ணாடி கழுவும் பணிக்கு. பள்ளியிறுதி வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. ஆறு ஆண்டுகள் கழுவும் அறையில் குடுவைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டே, அடுத்த அறையில் தட்டு ஊற்றுபவரின் கையைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் ஊற்றுபவர் காய்ச்சலில் விழுந்துவிட, "நான் ஊத்தறேன்" என்று முன்னால் வந்து நின்றார். சிரித்தவர்கள் உண்டு. அன்று ஊற்றிய நாற்பது தட்டுகளில் ஒன்றில்கூடக் கட்டி இல்லை. மறுநாள் யாரும் சிரிக்கவில்லை.

பிடித்த பிடியை விடாத குணம் அவருடையது. பெயர்ச்சீட்டு ஒட்டாத பரிசோதனை மாதிரி வந்தால், கொடுத்தனுப்பியவர் மருத்துவமனைக் கண்காணிப்பாளராகவே இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார். "ரத்தமா, சளியான்னு நான் ஜோசியம் பாக்கணுமா?" என்று அவர் கேட்பது நடைவழியின் மறுமுனைவரை கேட்கும்.

அவருக்குத் தம் பணியில் பெருமை தந்த பொருள் ஒன்று உண்டு. அது ஒரு பெரிய தகரப்பெட்டி. கிருமியை வளர்க்கும் வெப்ப அலமாரியில் விசிறி சுழன்றுகொண்டே இருக்கும். கோடைக்காலத்தில் தட்டிலுள்ள கூழ் காய்ந்து அப்பளம்போல் எழும்பிவிடும். தட்டுக்காரம்மா வீட்டிலிருந்து இறுக்கமான மூடியுள்ள தகரப்பெட்டியைக் கொண்டுவந்து, அடியில் ஈரப்பஞ்சு விரித்து, தட்டுகளைக் கவிழ்த்து அடுக்கி, பெட்டியை மூடி அலமாரிக்குள் வைத்தார். அதன்பிறகு ஒரு தட்டும் காயவில்லை. அந்த வழக்கம் நாளடைவில் ஆய்வுக்கூடத்தின் சட்டமாகிவிட்டது. புதிதாக வருபவர்களுக்கு முதலில் காட்டப்படுவது அந்தப் பெட்டிதான்.

அந்தப் பெட்டிதான் அவரை வம்பில் மாட்டிவிட்டது.

துறைத்தலைவர் அந்த ஆண்டு மூலிகை எண்ணெய்களைப் பற்றிய ஆய்வொன்றைத் தொடங்கியிருந்தார். கெட்ட மனிதர் அல்லர். ஆனால் நினைத்தது நினைத்த நாளில் முடிந்தாக வேண்டும் அவருக்கு. யூகலிப்டஸ், கிராம்பு, புதினா, எலுமிச்சைப்புல், ஓமம் என ஐந்து எண்ணெய்கள். நோய் உண்டாக்கும் நான்கு கிருமிகள். ஒவ்வொரு எண்ணெயிலும் நனைத்த சிறு காகித வட்டைக் கிருமி பூசிய தட்டின் நடுவில் வைப்பார்கள். எண்ணெய்க்குக் கிருமியைக் கொல்லும் வலிமை இருந்தால், வட்டைச் சுற்றிக் கிருமி வளராமல் கண்ணாடிபோல் ஒரு வளையம் தெளிவாகத் தெரியும். வளையம் எவ்வளவு அகலமோ, எண்ணெய்க்கு அவ்வளவு வலிமை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, ஒவ்வொரு கிருமிக்கும் எண்ணெய் தொடாத வெறும் வட்டு வைத்த தட்டு ஒன்றும் உண்டு. ஆக, இருபத்துநான்கு தட்டுகள். வழக்கப்படி எல்லாம் அந்த ஒரே பெட்டிக்குள் அடுக்கப்பட்டன.

முடிவுகள் துறைத்தலைவர் எதிர்பார்த்ததைவிட நன்றாக வந்தன. யூகலிப்டஸ் எண்ணெய்கூட அகலமான வளையம் போட்டிருந்தது. தீக்காயப் பிரிவில் நோயாளிகளின் புண்ணில் பச்சை நிறச் சீழாக வந்து யாருக்கும் அடங்காமல் ஆட்டம் போடும் சூடோமோனாஸ் என்ற கிருமிக்கு எதிராகவும் அந்த எண்ணெய் பதினான்கு மில்லிமீட்டர் வளையம் காட்டியது. துறைத்தலைவருக்குக் கால் தரையில் பாவவில்லை. தீக்காயப் பிரிவின் தரையையும் தொட்டிகளையும் பிளீச்சிங் கரைசலுக்குப் பதிலாக யூகலிப்டஸ் திரவத்தால் கழுவுவது என்று பேசி முடித்தார். மருந்தகத்தில் திரவம் கலந்து பீப்பாய்களில் நிரப்பியும் ஆகிவிட்டது. வியாழக்கிழமைக் கூட்டத்தில் ஒப்புதல், அதற்கடுத்த திங்கட்கிழமை தொடக்கம்.

மீதியிருந்தது ஒரு கையெழுத்து. தட்டைப் பார்த்து அளந்தவரும் மருத்துவரும் அளவுப் புத்தகத்தில் கையெழுத்திட வேண்டும் என்பது ஆய்வுக்கூடத்தின் விதி.

கூட்டத்துக்கு மூன்று நாள் முன்னதாக, திங்கட்கிழமை காலை புத்தகத்தைக் கையில் எடுத்தபடி துறைத்தலைவர் வந்தார்.

"என்னம்மா, எல்லாம் அளந்தாச்சு, எழுதியாச்சு. கையெழுத்தை மட்டும் காணோமே?"

"போட முடியாது சார்."

"பேனா இல்லையா?"

"பேனா இருக்கு. மனசு வரலை. இந்தத் தட்டைப் பாருங்க." வெறும் வட்டு வைத்த தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "இதுல எண்ணெயே வைக்கலை. கிருமி பாய் விரிச்ச மாதிரி நிறைஞ்சு வளர்ந்திருக்கணும். எப்படி இருக்கு பாருங்க, சொட்டை விழுந்த தலை மாதிரி."

துறைத்தலைவரின் தலையிலும் நடுவில் அப்படித்தான் இருந்தது. அடுத்த மேசையில் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டிருந்தவர் இருமலால் சிரிப்பை மறைத்தார்.

"பூசும்போது உங்க கை தவறியிருக்கும்."

அந்தச் சொல்லைக் கேட்டதும் தட்டுக்காரம்மாவின் முகம் இறுகிவிட்டது. இருபத்தேழு ஆண்டுகளில் அவர் கையைப் பற்றி ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை.

"நாலு தட்டுலயும் தவறுமா சார்? அதுவும் வெறும் வட்டு வச்ச நாலு தட்டுல மட்டும்?"

"சின்ன விஷயத்தைப் பெருசாக்காதீங்கம்மா. வியாழக்கிழமைக்குள்ள போட்டுருங்க. உங்க பதவி உயர்வுக் கோப்பும் என் மேசையிலதான் இருக்கு, ஞாபகம் வச்சுக்குங்க."

அவர் போனபின், தட்டுக்காரம்மா அந்த நான்கு தட்டுகளையும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்திருந்தார். தட்டை முகர்ந்து பார்ப்பது விதிக்குப் புறம்பானது. ஆயினும் மூடியைச் சற்றே தூக்கியதும் எழும் மணத்துக்கு விதி தெரியாது. எண்ணெயே வைக்காத தட்டிலிருந்து ஓம வாடை எழுந்தது.

அவருக்குச் சுரீரென்று உறைத்தது. தகரப்பெட்டியை இழுத்துத் திறந்தார். காலிப் பெட்டியிலும் அதே ஓம வாடை, காட்டமாக, கண்ணைக் கரிக்கும்படி. எண்ணெய் இருந்த இடத்தில் இருக்கவில்லை. ஆவியாகிப் பெட்டி முழுவதும் பரவி, பக்கத்துத் தட்டுகளிலும் புகுந்து வேலை செய்திருக்கிறது. யூகலிப்டஸ் போட்டதாகத் தாம் அளந்து எழுதிய வளையத்தில் ஓமத்தின் உழைப்பு எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்?

நோயாளிகளுக்குத் தரும் மருந்தில் நனைத்த வட்டுகளை வைத்துப் பார்க்கும்போது இந்தச் சிக்கல் வந்ததே இல்லை. அவை வைத்த இடத்தைவிட்டு எழுந்து பறப்பதில்லை. தவறு எண்ணெயில் இல்லை, கிருமியில் இல்லை, துறைத்தலைவரிடத்திலும் இல்லை. அவர் பெருமைப்பட்ட பெட்டியில் இருந்தது.

அன்று மாலை துறைத்தலைவரின் அறைக்குச் சென்று அதை அப்படியே சொன்னார்.

"தப்பு என் பெட்டியிலதான் சார். ஒவ்வொரு எண்ணெயையும் தனித்தனியா வச்சு மறுபடியும் பாக்கணும்."

"பெட்டி தப்புன்னா, இத்தனை வருஷமா இந்தப் பெட்டியில வச்ச தட்டெல்லாம் தப்பா? ஊர் சிரிக்கும்மா."

"மருந்துத் தட்டுக்கு இது சரியான பெட்டி. எண்ணெய்க்கு ஆகாது. சிரிக்கிறவங்க என்னைப் பாத்துச் சிரிக்கட்டும். அந்த வார்டுல தோல் போய்ப் படுத்திருக்கிறவங்களைப் பச்சைக்கிருமி தின்னாம இருந்தாப் போதும்."

"கூட்டத்தைத் தள்ளிவைக்க முடியாது. நீங்க கையெழுத்துப் போடலைன்னா, தட்டு ஊத்த வேற ஆளைப் பாத்துக்கறேன். நீங்க பழையபடி கழுவுற அறைக்குப் போகலாம்."

"அங்கேயிருந்துதான் சார் வந்தேன். வழி தெரியும்."

வீட்டில் அதைவிடப் பெரிய போர் காத்திருந்தது. கணவர் தையற்காரர்; வாசலறையிலேயே தையல் இயந்திரம். கணவரின் தங்கை அதே மருத்துவமனையில் தீக்காயப் பிரிவின் தலைமைச் செவிலியர். ஐம்பது வயதாகியும் அண்ணனுக்கு அவள் இன்னும் பாப்பாதான். புதிய திரவம் வரப்போகிறது என்று மருத்துவமனையிலேயே அதிகம் மகிழ்ந்தவளும் அவள்தான். செய்தி எப்படியோ காதுக்கு எட்டி, சீருடையைக்கூட மாற்றாமல் வந்து நின்றாள்.

"அண்ணி, உங்களுக்கு என்னதான் வேணும்? பிளீச் வாடையில என் பேஷண்டுங்க கண்ணு எரிஞ்சு அழறாங்க. தரை துடைக்கிற நேரமெல்லாம் போர்வையை இழுத்து மூஞ்சியை மூடிக்கறாங்க. ஒரு நல்லது நடக்கப்போகுதுன்னா நீங்க குறுக்கால படுத்துக்கறீங்க."

"நான் படுக்கலைம்மா, நிக்கறேன். உக்காரக்கூட விடாமப் பேசறே."

"விளையாடாதீங்க. மூலிகைன்னா உங்களுக்கு ஏன் இந்த இளக்காரம்?"

"இளக்காரமா? அந்த ஓம எண்ணெய் என்ன வேலை பண்ணுதுன்னு உனக்குத் தெரியுமா? தொடாமலே அடிக்குது! நான் குறை சொல்றது எண்ணெயை இல்லை. வெண்ணெய் எடுத்தவன் ஒருத்தன், பேர் வாங்கறவன் ஒருத்தன்னு ஆகக்கூடாதுன்னு சொல்றேன். ஓமம் செஞ்ச வேலைக்கு யூகலிப்டஸைக் கூப்பிட்டு உன் வார்டைக் கழுவச் சொன்னா, அந்தப் பச்சைக்கிருமி சுகமா நீச்சலடிக்கும்."

"அது உங்க ஊகம்."

"ஊகம்தான். ரெண்டு நாள் குடு, ஊகமா நிஜமான்னு காட்டறேன். புதன்கிழமை காலையில நீயே வந்து உன் கண்ணால பாரு. நான் சொன்னது தப்புன்னா அங்கேயே கையெழுத்துப் போட்டுட்டு, திங்கக்கிழமை உன் வார்டை நானே துடைக்கறேன்."

"அண்ணா, சொல்லுங்க உங்க வீட்டம்மாகிட்ட."

கணவர் ஊசியில் நூல் கோப்பதில் மும்முரமானார். "பாப்பா, கல்யாணமாகி முப்பது வருஷமாச்சு. நான் சொல்லி இவ ஒரு பொத்தானைக்கூட இடம் மாத்தினதில்லை."

பொத்தான்களுக்கே அன்று இடம் மாறிவிட்டது. தனித்தனியாக வைக்க இறுக்கமான மூடியுள்ள பெட்டிகள் வேண்டும். தட்டுக்காரம்மா கணவரின் பொத்தான் டப்பாவைக் கொட்டிக் கவிழ்த்தார். வெள்ளை, கருப்பு, சட்டை, கோட்டு என்று அவர் பிரித்து வைத்திருந்ததெல்லாம் ஒரே கிண்ணத்தில் கலந்தன. அக்கம்பக்கத்து வீடுகளில் பிஸ்கட் டப்பா, மாவு டப்பா என்று கேட்டு வாங்கினார். "வீடு வீடா டப்பா வாங்கறாங்களே, அம்மா பழைய பாத்திரக்கடை வைக்கப் போறாங்களா?" என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார். கணவர் பொத்தான் பொறுக்கியபடியே, "கடை வச்சா நல்லதுதான். திரும்ப வாங்க நான்தான் முதல் ஆளா நிப்பேன்" என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை, கூழ் காய்ச்சிப் புதிதாக இருபத்துநான்கு தட்டுகள் ஊற்றினார். கிருமி பூசினார். எண்ணெய் வட்டுகளை வைத்தார். ஒவ்வோர் எண்ணெய்க்கும் ஒரு டப்பா. வெறும் வட்டுகளுக்கு ஒரு டப்பா. பழைய தகரப்பெட்டி மேசைக்கடியில் காலியாகக் கிடந்தது. கடைசியாக இன்னும் ஒரு தட்டு செய்தார். அதன் கூழில் சீழ் உண்டாக்கும் உருண்டைக் கிருமியைப் பூசினார். வட்டை அதன்மேல் வைக்கவில்லை. ஓம எண்ணெயில் நனைத்த வட்டை மூடியின் உட்புறத்தில் ஒட்டினார். தட்டு கவிழ்ந்திருக்கும்போது மூடி கீழே இருக்கும், கிருமி மேலே இருக்கும். நடுவில் வெறும் காற்று.

"இது என்னம்மா புது வித்தை?" என்றார் இரத்தப் பரிசோதகர்.

"நாளைக்குச் சொல்றேன். இல்லைன்னா நாளைக்கு நீங்க சிரிக்கலாம். இருமி மறைக்கவேண்டாம்."

புதன்கிழமை காலை நாத்தனார் வந்தபோது, டப்பாக்கள் திறக்கப்படாமல் வரிசையாக இருந்தன. "நீயே திற" என்றார் தட்டுக்காரம்மா.

வெறும் வட்டுத் தட்டுகளில் கிருமி இடைவெளியின்றிப் பாய் விரித்திருந்தது, கை தவறவில்லை. ஓம எண்ணெய், சீழ் உண்டாக்கும் உருண்டைக் கிருமிக்கும் வயிற்றுப்போக்குக் கிருமிக்கும் அகலமான வளையங்கள் போட்டிருந்தது. கிராம்பும் சளைக்கவில்லை. யூகலிப்டஸ் டப்பாவைத் திறந்தார்கள். உருண்டைக் கிருமிக்கு வட்டின் ஓரமாக ஒரு மெல்லிய வளையம். முன்பு இருபத்தொன்றாக அளந்தது இன்று ஒன்பது. பச்சைக்கிருமியின் தட்டில் வளையமே இல்லை. கிருமி வட்டின் விளிம்புவரை வந்து, அதன்மேலும் ஏற எத்தனித்திருந்தது.

நாத்தனார் ஓம எண்ணெயின் பச்சைக்கிருமித் தட்டைத் தானாகவே எடுத்தாள். அதிலும் ஏறத்தாழ அதே கதை.

"இந்தச் சனியனுக்கு ஓமமும் சரிப்படலையா அண்ணி?"

"சரிப்படலை. மத்தவங்களை விரட்டுது, இதுகிட்ட தனியாத் தோக்குது. அன்னைக்கு அஞ்சு எண்ணெயோட ஆவியும் ஒரே பெட்டியில சேர்ந்து அடிச்சதுலதான் வளையம் விழுந்திருக்கு. உள்ளதைச் சொல்லணும்ல?" பிறகு, தனியாக வைத்திருந்த அந்தக் கடைசித் தட்டை நீட்டினார். மூடியிலிருந்த வட்டுக்கு நேர் எதிரே, எண்ணெய் தொடாத கூழில், முழுநிலவுபோல் ஒரு வெற்றிடம் தெளிந்து கிடந்தது.

"எண்ணெய் படவே இல்லையே!"

"காத்துல போய் அடிச்சிருக்கு. என் பெட்டிக்குள்ள நடந்தது இதுதான்."

வியாழக்கிழமைக் கூட்டத்துக்குத் தட்டுக்காரம்மாவை யாரும் அழைக்கவில்லை. டப்பாக்களை ஒரு தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு அவரே போய்க் கதவுக்கு வெளியே நின்றார். உள்ளே துறைத்தலைவர் வளைய அளவுகளைப் படித்தார். கண்காணிப்பாளர் புத்தகத்தைப் புரட்டினார்.

"ஒரு கையெழுத்துதானே இருக்கு?"

"அது… ஒரு சின்ன நடைமுறைத் தாமதம்."

"தாமதம் வெளியில நிக்குது சார்" என்றாள் நாத்தனார் எழுந்து. "எங்க அண்ணிதான். உள்ள வரச் சொல்லட்டுமா?" பதிலுக்குக் காத்திராமல் கதவைத் திறந்துவிட்டாள்.

பிஸ்கட் டப்பாக்களும் மாவு டப்பாவும் மெருகேற்றிய மேசையின்மேல் ஒன்றன்பின் ஒன்றாக ஏறின. தட்டுக்காரம்மா பழைய தட்டுகளையும் புதிய தட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நீளமாகப் பேசவில்லை. மூடியில் எண்ணெய் ஒட்டிய தட்டைக் கண்காணிப்பாளரின் கையில் கொடுத்து, எண்ணெய் எங்கே இருந்தது, கிருமி எங்கே செத்தது என்று மட்டும் விரலால் காட்டினார்.

துறைத்தலைவர் இடைமறித்தார். "இந்தப் பெட்டி வழக்கத்தைக் கொண்டுவந்ததே இவங்கதான் சார். இவங்க தப்புக்கு என் ஆய்வை நிறுத்தணுமா?"

"ஆமா சார், என் தப்பு. அறிக்கையில முதல் வரியா அதைத்தான் எழுதியிருக்கேன், படிச்சுப் பாருங்க" என்று ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். "அதுக்கான தண்டனையைக் குடுங்க, வாங்கிக்கறேன். ஆனா பொய்யான வளையத்துக்குக் கையெழுத்துப் போடமாட்டேன். நீங்க கேட்டாலும் போடமாட்டேன், இவர் கேட்டாலும் போடமாட்டேன்." அந்த 'இவர்' கண்காணிப்பாளர்.

கண்காணிப்பாளர் தட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலைமைச் செவிலியரிடம் கேட்டார்: "வார்டு உங்களோடது. என்ன சொல்றீங்க?"

நாத்தனார் பச்சைக்கிருமித் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். "எனக்கு பிளீச் வாடை பிடிக்காது சார். பேஷண்டுங்களுக்கும் பிடிக்காது. ஆனா பிளீச்சே இருக்கட்டும். துடைக்கிற நேரம் கட்டிலை நடைவழிக்குத் தள்ளிக்கறோம். ஜன்னலெல்லாம் துருப்பிடிச்சு மூடிக்கிடக்கு, அதை மட்டும் திறக்க வச்சுக் குடுங்க."

பீப்பாய்கள் தீக்காயப் பிரிவுக்குப் போகவில்லை. புதிய அளவுகளோடு, முதல் வரியோடு, இரண்டு கையெழுத்துகளோடு அறிக்கை போயிற்று. துறைத்தலைவரும் கையெழுத்திட்டார், பேனாவைச் சற்று அழுத்தியே இட்டார். பதவி உயர்வுக் கோப்பு அவருடைய மேசையில் இன்னும் கொஞ்சம் அடியில் போயிற்று. தட்டுக்காரம்மாவை ஆறு மாதங்களுக்குக் கழுவும் அறைக்கு மாற்றும் ஆணை சனிக்கிழமை வந்தது. காரணம்: வழக்கமுறைப் பிழை.

அன்று மாலை நாத்தனார் தன் நகப்பூச்சுக் குப்பியோடு ஆய்வுக்கூடத்துக்கு வந்தாள். அண்ணி கேட்டனுப்பியிருந்தார். இரத்தச் சிவப்பு நிறம். தட்டுக்காரம்மா பழைய தகரப்பெட்டியைத் துடைத்து, அதன் மூடியில் தம் அழகான கையெழுத்தில், எழுத்து ஒவ்வொன்றும் கட்டைவிரல் உயரத்தில், "எண்ணெய்த் தட்டுகளுக்கு ஆகாது" என்று எழுதினார். காயும்வரை ஊதினார். பிறகு வெப்ப அலமாரியின் நடுத்தட்டில், திறந்ததும் கண்ணில் அறையும்படி வைத்தார்.

"உங்க தப்பை நீங்களே கொட்டை எழுத்துல எழுதி வைக்கணுமா அண்ணி?"

"பின்னே? வேற யாராவது எழுதினா பிழையோட எழுதுவாங்க."

திங்கட்கிழமை காலை, துறைத்தலைவர் கழுவும் அறையைக் கடந்து போனவர் நின்று எட்டிப் பார்த்தார். முழங்கைவரை நுரையோடு தட்டுக்காரம்மா குடுவைகளை வரிசையாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, கோபமா?"

"கோபம் இருந்தா கண்ணாடி உடையும் சார். எண்ணிப் பாத்துக்குங்க." அடுத்த குடுவையை எடுத்தார். "அப்புறம், உள்ள தட்டு ஊத்தறவர்கிட்ட கொஞ்சம் சொல்லுங்க. கூழை ரொம்பச் சூடா ஊத்தறார். இங்கேயிருந்தே வாடை தெரியுது."